“வீட்டுக்காரவுக வரலையா?” என்று கேட்டால்

வாசகி ஒருவரின் கேள்வி: எனக்கு 54 வயது. ஊர் தேவகோட்டை. கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள், இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். போன வருடம் தங்கை குடும்பத்தோடு பாலித்தீவுக்குப் போயிருந்தேன். கார் ஓட்டிய பையன் முதல் பழக்கடைக்காரம்மா வரை எல்லோரும் “கல்யாணம் ஆயிருச்சா, எத்தனை பிள்ளைக, வீட்டுக்காரர் எங்கே” என்று கேட்டார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் “ஊரில் இருக்கிறார், வேலை” என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. வருகிற தைப்பூசத்துக்குத் தனியாகப் பினாங்கு போகிறேன், அங்கிருந்து ஒரு தோழியோடு வியட்நாம். முகத்தில் அடித்தாற்போல் பேச எனக்கு வராது. கேட்பவர்களிடமெல்லாம் என் கதையைச் சொல்லவும் மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் தூங்காத இரவைப் பற்றிப் பேசிவிடுவோம், ஆச்சி. அந்தக் கார்க்காரப் பையனுக்கு உங்கள் பதிலால் ஒரு நட்டமும் இல்லை; அடுத்த திருப்பத்திலேயே மறந்திருப்பான். போன மனுசரை இருப்பதாகச் சொல்லி, சொன்ன அந்த நொடியில் நீங்களும் அதை நம்பிப் பார்த்தீர்கள். அதுதான் உங்களை உறங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். காரைக்குடியில் இருந்து 20 ஆண்டுகளாக வெளிநாட்டுக்கு ஆட்களைக் கூட்டிப் போய் வருகிறேன். இதையே என்னிடம் ராத்திரி ஓட்டல் வராந்தாவில் உட்கார்ந்து சொல்லி அழுத பெண்கள் உண்டு. அதனால் உங்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. பொய்யாகவும் இல்லாமல், முழுக்கதையாகவும் இல்லாமல் ஒரு பதில் வேண்டும். அந்தப் பதில் இந்தோனேசிய மொழியிலேயே இருக்கிறது.

அங்கே “சுடா மெனிக்கா?” என்று கேட்பார்கள். கல்யாணம் ஆச்சா என்று அர்த்தம். இதற்கு “இல்லை” என்று யாரும் பதில் சொல்வதில்லை. ஆகியிருந்தால் “சுடா”, ஆச்சு. ஆகாவிட்டால் “பெலும்”, இன்னும் ஆகலை. கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிற வயதானவர்கூட “பெலும்” என்றுதான் சொல்வார். நம் வீட்டில் உப்புத் தீர்ந்துபோனால் “உப்பு இல்லை” என்று சொல்ல விடமாட்டார்கள், “உப்பு வாங்கணும்” என்றுதான் சொல்ல வேண்டும். வாசலில் இறங்கும்போது “போறேன்” என்றால் ஆயா திட்டுவாள், “போயிட்டு வாரேன்” என்று திருத்துவாள். அதே மனசுதான் அங்கேயும்.

உங்களுக்குக் கல்யாணம் ஆனது உண்மை. யார் போனாலும் அது ஆகாமல் போய்விடாது. ஆகவே தயங்காமல் “சுடா” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் எத்தனை என்றால் “டுவா”, இரண்டு. பத்தில் எட்டுப் பேர் இதோடு திருப்தியாகி விடுவார்கள். மலேசியாவிலும் “சுடா” விளங்கும்.

மிச்சம் இரண்டு பேர் “சுவாமி டி மானா?” என்று தொடர்வார்கள். சுவாமி என்றால் அங்கே கணவர். நமக்கும் பழகிய வடமொழிச் சொல், கப்பலேறிப் போனது. கணவர் எங்கே என்று கேட்கிறார்கள். இதற்கு உங்கள் முன்னால் இரண்டு வழி உண்டு, இரண்டுமே உண்மையானவை. ஒன்று, “இந்தத் தடவை அவுக வரலை.” மற்றது, “சுடா மெனிங்கால்”, காலமாகிவிட்டார். மனசு தெம்பாக இருக்கிற அன்று இரண்டாவதைச் சொல்லுங்கள் என்பதுதான் என் யோசனை. நான் பார்த்தவரை பேச்சை அதுதான் சீக்கிரம் முடிக்கிறது. மழுப்பினால் கேட்பவருக்கு ஆர்வம் கூடும். சாவைச் சொன்னால் எந்த ஊர் மனுசரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். தெம்பில்லாத அன்று முதலாவது போதும்.

ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும். வியட்நாமில் உங்களிடம் முதலில் வயதைக் கேட்பார்கள். நம் காதுக்கு அது மரியாதைக்குறைவாகப் படும். ஆனால் அந்த மொழியில் நான், நீ என்று பொதுவாகச் சொல்லிப் பேச்சை ஓட்டுவது கடினம். அக்காவுக்கு “சீ”, தம்பி தங்கைக்கு “எம்”, சித்தி அத்தை வயதுக்காரருக்கு “கோ” என்று உறவுச்சொல்லை வைத்தே பேச்சு நடக்கும். எதிரில் இருப்பவர் தன்னைவிட மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் வாயைத் திறக்கவே சங்கடம். அதனால் வயதைக் கேட்டு விடுகிறார்கள். கொரியாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், வினைச்சொல்லின் முடிவே வயதைப் பார்த்து மாறும். “ஐம்பது தாண்டியாச்சு” என்று சொன்னால் போதும், பிறந்த தேதி யாருக்கும் வேண்டாம்.

வியட்நாமின் ஹோய் ஆன் ஊரில் ஒருமுறை எங்கள் குழுவில் வந்த பள்ளத்தூர் ஆயாவிடம் துணிக்கடைக்கார அம்மா வயதைக் கேட்டார். ஆயா சொல்லிவிட்டு, “ஒனக்கு எத்தனை?” என்று தமிழிலேயே விரலைக் காட்டித் திருப்பிக் கேட்டாள். கடைக்காரம்மா இரண்டு வயது இளையவர். அவ்வளவுதான், அந்த நிமிடத்தில் இருந்து அக்கா தங்கை ஆகிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் ஆயாவை வண்டியில் ஏற்ற முடிந்தது.

ஆயா செய்ததுதான் எனக்குத் தெரிந்த நல்ல உபாயம். சுருக்கமாகப் பதில், உடனே அதே கேள்வியை அவர்களிடமே திருப்பிக் கேட்பது. “எனக்கு ரெண்டு. ஒங்களுக்கு?” பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறவர் பெரும்பாலும் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வழி தேடுகிறவர்தான். அவர் கைப்பேசியை எடுத்துப் படம் காட்ட ஆரம்பித்தால் உங்கள் வேலை முடிந்தது. நீங்களும் ஒரு படம் வைத்திருங்கள், ஆனால் குடும்பப் படம் வேண்டாம். அதில் “இது யாரு?” என்று அடுத்த கேள்வி பிறக்கும். உங்கள் வீட்டு முகப்பு, வளவு, பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, இப்படி ஒன்று. அந்தப் படத்தைக் காட்டிவிட்டால் பேச்சு உங்களை விட்டு வீட்டின்மேல் போய்விடும். எங்கள் குழுவில் பலருக்கு இதை நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எந்த நாட்டிலும் பலித்திருக்கிறது.

“எங்கே போறீங்க?” என்பது இன்னும் லேசானது. தாய்லாந்திலும் மலாய் பேசும் ஊர்களிலும் அது வெறும் வணக்கம், நம் ஊரில் “சாப்பிட்டாச்சா” என்பதுபோல. “ஜாலான் ஜாலான்”, அதாவது சும்மா ஊர் சுற்ற, என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டலாம்.

சிரிக்கக் கூடாத இடமும் உண்டு. “முதல் தடவையா வர்றீங்க? தனியாவா? எந்த ஓட்டல்? எத்தனை நாள்?” என்று ஒருவரே வரிசையாகக் கேட்டால், அவர் உங்களை எடைபோடுகிறார். எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, வாடகை எவ்வளவு ஏற்றலாம் என்று பார்க்கிறவரே அதிகம். ஆனாலும் இங்கே மட்டும் உண்மையைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. “எங்க ஆளுக காத்திருக்காக” என்பதைப் பல்லவியாக வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவிலும் வியட்நாமிலும் கிராப் செயலியில் வண்டி எடுத்தால் வாடகை முன்னாலேயே தெரிந்துவிடும், இந்தக் கேள்விகளுக்குப் பாதி வேலை இல்லாமல் போகும். ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு அறை எண்ணைக் கேட்பார்கள். வாயால் உரக்கச் சொல்லாமல் சாவி அட்டையின் உறையைக் காட்டுங்கள். கழுத்தில் கிடப்பது எத்தனை பவுன் என்று கேட்கிறவர் தமிழராகவே இருந்தாலும் “பழசு” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

குடிவரவு அதிகாரியின் கேள்வி இந்தக் கணக்கில் சேராது. எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்கல், திரும்பும் டிக்கெட் உண்டா, கையில் பணம் எவ்வளவு: கேட்டதற்கு நேரான உண்மை, ஒரு வரியில். இங்கே எதையும் திருப்பிக் கேட்கக் கூடாது, வேடிக்கையும் கூடாது. மலேசியாவுக்கு இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும்; அதில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் அச்சாகி இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்து அதிகாரி கேட்டால் “காலமாகிவிட்டார்” என்பது மட்டும் போதும். அவருக்கு அது ஒரு விவரம், அதற்கு மேல் தோண்டமாட்டார்.

இனி உங்களுக்கு உண்மையிலேயே கடினமான இடத்துக்கு வருகிறேன். அது பாலியும் இல்லை, வியட்நாமும் இல்லை. பினாங்கில் தண்ணீர்மலையான், அதாவது நம் முருகன், சன்னதியில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கப்போகும் நம் நகரத்தார் ஆச்சிதான். “நீங்க எந்த ஊரு? எந்தக் கோயிலு?” என்று ஆரம்பிப்பார்கள். நம் நகரத்தார் கோயில்களில் நீங்கள் இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா என்று தெரிந்தால்தானே பங்காளியா, சம்பந்தம் செய்கிற முறையா என்று அவர்களுக்குப் பிடிபடும். வியட்நாம்காரர் வயது கேட்பதும் இதுவும் ஒன்றுதான், உங்களை எந்த முறை வைத்து அழைப்பது என்று தேடுகிறார்கள். ஊரும் கோயிலும் தாராளமாகச் சொல்லுங்கள். அதனால் நன்மையே உண்டு. அயலூரில் காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி கொண்டுவருகிறவர் அவராகத்தான் இருப்பார்.

அடுத்ததாக “வீட்டுக்காரவுக வரலையா?” வரும். நம் கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. வரிக்காகப் போட்ட கணக்கு அது. அதை மனுசியின்மேல் எழுதிப் பார்க்கிற கண் நம்மில் சிலருக்கு இன்னும் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் பலர் பொய் சொல்கிறார்கள். ஆனால் நம் ஆட்களிடம் அந்தப் பொய் நிற்காது. பங்காளி வழி விசாரித்து இரண்டே நாளில் தேவகோட்டைக்குப் போய்த் திரும்பிவிடும், பிறகு உங்களுக்குத்தான் வருத்தம். அதனால் இவர்களிடம் முந்திக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே, சாதாரணக் குரலில், “அவுக போயி மூணு வருசமாச்சு. தைப்பூசத்துக்கு இங்க வரணும்னு ரொம்ப நாள் ஆசை, வந்துட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். முதல் வரியில் சேதி முடிந்துவிடுகிறது, இரண்டாவது வரி பேச்சைத் தேர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு “வெள்ளித்தேர் கோயில் வீட்டுல இருந்து எப்பக் கெளம்பும்?” என்று கேளுங்கள் (கோயில் வீடு என்பது தேர் கிளம்புகிற நகரத்தார் இடம்). சிதறு தேங்காய் எங்கே நின்று பார்க்கலாம், சீனர்களும் எப்படி மலைமலையாக உடைக்கிறார்கள் என்று அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள்.

அதற்கும் மேலே “எப்படிப் போனாக? என்ன வியாதி?” என்று போகிறவர்களிடம், “அதைப் பேசினா எனக்குத் தாங்காது ஆச்சி, இன்னொரு நாளைக்குச் சொல்றேன்” என்று கையைப் பிடித்துச் சொல்லுங்கள். கை பிடித்துச் சொல்கிற வார்த்தையை யாரும் கோபமாக எடுத்துக்கொள்வதில்லை.

நாமும் கேட்கிறவர்கள்தான் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்கள் தோழி வழியாகவோ விமானத்திலோ ஐரோப்பியர் யாராவது பழக்கமானால் சம்பளம், வீட்டு வாடகை, “ஏன் இன்னும் பிள்ளை இல்லை” ஆகிய மூன்றையும் கேட்காதீர்கள். பாலியில் உங்களுக்குப் பட்டதுபோலவே அவர்களுக்கும் படும். வேலை என்ன, ஊரில் குளிர் எப்படி என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தங்கையை வீட்டுப் பட்டாலையில் எதிரே உட்காரவைத்து, “வீட்டுக்காரவுக வரலையா?” என்று கேட்கச் சொல்லுங்கள். நான் எழுதிய அந்த இரண்டு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும், இரண்டு பேரும் அழுவீர்கள். அந்த அழுகை நம் வீட்டிலேயே நடந்து முடியட்டும். நாலாம் தடவை சொல்லும்போது குரல் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு, திருச்சிக்கு வண்டி ஏறுங்கள்.