டெசாவில் புராஜெக்ட் டோகுமென்டட்சியோன்: தாளிலிருந்து தொடங்குங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இது: ஜெர்மனியின் டெசாவுக்கு டிசைன் மாஸ்டர்ஸ் படிக்க வந்து முதல் செமஸ்டர். புராஜெக்ட், மாணவர் விடுதிக்கான சைக்கிள் ரிப்பேர் பெட்டி. கடைசியில் ஒரு டோகுமென்டட்சியோனை, அதாவது புராஜெக்ட் எப்படி உருவானது என்று காட்டும் புத்தகத்தை, அச்சடித்துத் தர வேண்டும், அது தனித்துத் தெரியவும் வேண்டும். ஊரில் செய்த மாதிரி 16:9 ஸ்லைடுகளையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். ஸ்லைடுக்குப் பக்கத்தில் நின்று பேச நீங்கள் இருப்பீர்கள். இந்தப் புத்தகத்தை நீங்கள் இல்லாத நேரத்தில் புரட்டித்தான் மதிப்பெண் போடுவார்கள். ஸ்லைடில் இருக்கும் நாலு வார்த்தை அங்கே போதாது. ஏன் இந்த முடிவை எடுத்தீர்கள், எந்த மாடல் எங்கே உடைந்தது என்பதெல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். தோற்றுப்போன மாடல்களின் படங்களைத் தூக்கி எறியாதீர்கள். இங்கே பேராசிரியர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

தனித்துத் தெரிவதற்கு டெசாவில் எல்லோரும் போகும் வழி ஒன்று உண்டு: சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லாம் சிறிய எழுத்து (ஸ்மால் லெட்டர்). பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற டிசைன் பள்ளி 1925-இல் இந்த ஊருக்கு வந்தது. அதே ஆண்டில் அங்கே பெரிய எழுத்துகளையே (கேப்பிடல் லெட்டர்) கைவிட்டார்கள். பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்கும் ஜெர்மன் மொழியில் அது ஒரு சண்டை. ஆங்கிலத்தில் எழுதும் உங்களுக்கு அது வெறும் அலங்காரம்.

அதை விட்டுவிட்டு உங்கள் பொருளிலிருந்தே ஓர் அளவை எடுங்கள். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம்; அச்சில் எழுத்தை அளக்கும் பாயின்ட் கணக்கில் சரியாக 36 பாயின்ட். இதுதான் ஒரு கண்ணி. அதை மூன்றாகப் பிரித்தால் 12 பாயின்ட்: 9 பாயின்ட் எழுத்துக்குக் கச்சிதமான வரி இடைவெளி. பக்க அகலம் 11 கண்ணி, உயரம் 16 கண்ணி என்று வைத்தால் 139.7 × 203.2 மி.மீ., ஏ5-ஐவிடச் சற்றே சிறியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் செயினை உண்மை அளவில் ஓடவிட்டு, டயர் லீவர், அலன் கீ எல்லாவற்றையும் 1:1-இல் வரையுங்கள். நிஜக் கருவியைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் பொருந்த வேண்டும். இப்படிச் செய்தால் கிரிட் (பக்கத்தை அமைக்கும் கட்டங்கள்) எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

இதில் வழக்கமாக வரும் கோளாறு ஒன்று. பிரிண்ட் எடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு தானாகவே விழுந்திருக்கும். எல்லாம் சில சதவீதம் சுருங்கிவிடும். 'உண்மை அளவு' என்று மாற்றுங்கள். முதல் பிரதி வந்ததும் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்: பத்துக் கண்ணி 127 மி.மீ. இருக்க வேண்டும்.

நிறம் இரண்டே போதும்: கறுப்பும் ஒளிரும் ஆரஞ்சும். கை படும் பாகம் மட்டும் ஆரஞ்சு என்று விதி வைத்துக்கொண்டு கடைசிவரை மீறாதீர்கள். இதற்கு ரிசோகிராஃப், அதாவது ஒவ்வொரு நிறமாக மை ஏற்றி அச்சடிக்கும் மெஷின், நன்றாக வரும்; பல டிசைன் கல்லூரிகளின் வொர்க்‌ஷாப்பில் ஒன்று இருக்கும். ஆனால் அறிமுக வகுப்பு முடிக்காமல் மெஷினைத் தொட விடமாட்டார்கள், அதனால் செமஸ்டர் தொடக்கத்திலேயே பெயர் கொடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி கிரேஸ்கேல் (கறுப்பு, சாம்பல் மட்டும் உள்ள) ஃபைல் வேண்டும். இரண்டு நிறமும் ஒரு மி.மீ. தள்ளி விழுவது சகஜம். மெல்லிய கோடுகளை ஒரே நிறத்தில் வைத்தால் பிழைத்தீர்கள். முழுக் கறுப்புப் பின்னணி வேண்டாம். மை முழுதாகக் காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், உருளைத் தடமும் விழும். பளபளப்புத் தாள் கூடவே கூடாது. தாளின் ஓரம்வரை மெஷின் அச்சடிக்காது. ஏ3-இல் நான்கு பக்கம் வைத்துப் பிறகு வெட்டிக்கொள்ள வேண்டும்.

தாள் சதுர மீட்டருக்கு 120 கிராம், கோட்டிங் இல்லாதது. 80 கிராமில் பின்பக்கத்து ஆரஞ்சு இந்தப் பக்கம் தெரியும். கிராமைவிட முக்கியம் இழை ஓடும் திசை: அது முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மடிப்பு வெடிக்கும், புத்தகம் திறந்து நிற்காது. ஏ4 தாளை நடுவில் மடிப்பதானால் பாக்கெட்டில் 'ப்ரைட்பான்' என்று, சுருக்கமாக 'பிபி' என்று, போட்டிருப்பதை வாங்குங்கள்; அதில் இழை குட்டைப் பக்கத்துக்கு இணையாக ஓடும். சாதாரண ஆபீஸ் தாள் பெரும்பாலும் எதிர்த் திசையில்தான் ஓடும்.

மடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 48 பக்கம் என்றால் 12 தாள். மடித்ததும் நடுத்தாள் ஒன்றரை, இரண்டு மி.மீ. வெளியே தள்ளும், வெட்டும்போது அவ்வளவும் போய்விடும். பக்க எண்ணை ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 64 பக்கத்தைத் தாண்டினால் நூல் தையல் போடுங்கள். பசை பைண்டிங்கில் நடுவிலுள்ள ஒரு சென்டிமீட்டரை முதுகு விழுங்கிவிடும், இரு பக்கமும் பரவிய படத்தில் கருவி பாதியாகத் தெரியும்.

பிரிண்ட் கடைக்குக் கொடுக்கும் பிடிஎஃப் தனித்தனிப் பக்கங்களாக, சுற்றிலும் 3 மி.மீ. பிளீடோடு (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் ஓரம்), படங்கள் 300 டிபிஐ-யில் இருக்கட்டும். இரட்டைப் பக்கமாகச் சேர்த்துக் கொடுத்தால் புத்தக வரிசை குலைந்துவிடும்; அது மின்னஞ்சலில் அனுப்பும் பிரதிக்கு மட்டும்.

அட்டையில் தமிழ் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சைக்கிள் பெட்டிக்குத் தமிழோடு தொடர்பில்லை என்றால், போடாதீர்கள். நேர்காணல் எதையாவது தமிழில் எடுத்திருந்தால் மூல வாசகம் உள்ளே வரட்டும். பக்கங்களை அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முக்தா மலர், கேட்டமரன் என்ற எழுத்துருக்கள் இரண்டிலும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே கிடைக்கும், இலவசம்.

விடுதியில் எடுத்த படங்களில் முகம் தெரிந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாய்வார்த்தைச் சம்மதத்தைப் பிறகு நிரூபிக்க முடியாது. எத்தனை பிரதி, கையெழுத்திட்ட உறுதிமொழிப் பக்கம் வேண்டுமா என்பதைத் தேர்வு அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள்.

திங்கள் காலை சமர்ப்பிக்க வேண்டும் என்றால் உங்கள் கடைசி நாள் வெள்ளி. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை திறந்தாலும் செமஸ்டர் முடிவில் வரிசை வாசல்வரை நிற்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே அதே தாளில், அதே பைண்டிங்கில் ஒரு டம்மி (சோதனைப் பிரதி) போட்டுவிடுங்கள்.