ஒகினாவாவில் ஒரு கம்பீரநாட்டை
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: 'ப்ளீச்' அனிமேயின் முதல் தொடக்கப் பாட்டைக் கேட்டு 'ஆரஞ்சு ரேஞ்ச்' குழுவுக்கு ரசிகனாகிவிட்டேன். அவர்கள் ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒகினாவாக்காரர்களாமே? அந்தத் தீவுகளில் இன்னும் யார் யாரைக் கேட்கலாம்? (திருச்சி வாசகர்)

ப: ஆமாம். அவர்களின் ஊர் கொசா. இன்றைய பெயர் ஒகினாவா நகரம். கடேனா அமெரிக்க விமானத் தளத்தின் வாசலிலேயே இருக்கிறது. ஒகினாவா 1945 முதல் 1972 மே 15 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. வியட்நாம் போர்க் காலத்தில் சிப்பாய்களுக்கு ராக் வாசித்தே பிழைத்த குழுக்கள் கொசாவில் இருந்தன. அவற்றில் ஒன்று 'முராசாக்கி'. அந்தச் சொல்லுக்கு ஊதா என்று பொருள். 'டீப் பர்ப்பிள்' பாணியில் வாசித்தவர்கள் என்றால் பெயரின் காரணம் புரியும்.

அடுத்து 'மொங்கோல்800'. உராசோயே ஊரில் மூவராகத் தொடங்கிய குழு. பெரிய இசை நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் 2001-இல் வெளியிட்ட 'மெசேஜ்' ஆல்பம் 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. குரல் பிடித்தவர்கள் இஷிகாகி தீவின் 'பிகின்' குழுவுக்கும், யொமிதான் கிராமத்தின் 'கிரோரோ' இருவர் குழுவுக்கும் போகலாம். நடனப் பாட்டு வேண்டுமென்றால் ஒகினாவாவின் தலைநகர் நாஹாவில் பிறந்த அமுரோ நமியே இருக்கிறார். 2018 செப்டம்பர் 16-இல் மேடையை விட்டு விலகினார். ஆனால் அவர் பாட்டில் தீவின் வாசனையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

ஒரே ஒரு குழு என்றால் எங்கள் ஓட்டு 'ரிங்கென் பேண்டு'க்கு. தெருயா ரிங்கென் 1977-இல் தொடங்கியது. எலெக்ட்ரிக் கருவிகள் இருந்தாலும் பாட்டு ஒகினாவா மொழியில்தான். முன்னால் கேட்பது சான்ஷின் என்ற மூன்று தந்தி வாத்தியம்.

கே: 'ஷிமா உதா' பாடிய 'தி பூம்' குழுவை விட்டுவிடாதீர்கள்! (சேலம் வாசகி)

ப: விடத்தான் வேண்டும். அதை எழுதிப் பாடிய மியாசாவா கசுஃபுமி, தீவுகளுக்கு வெகு தொலைவில் உள்ள யமனாஷி மாநிலத்துக்காரர். பாட்டு ஒகினாவாவைப் பற்றியது, குழு அங்கே பிறந்ததல்ல.

கே: ஒகினாவா நாட்டுப் பாடல்களை முதல் தடவை கேட்டபோதே ஏற்கெனவே கேட்ட மாதிரி இருந்தது. இது என் பிரமையா? (தஞ்சை வாசகர்)

ப: பிரமை இல்லை. கீபோர்டில் சி, இ, எஃப், ஜி, பி, மேல் சி என்று வாசித்துப் பாருங்கள். நம் கணக்கில் ச, அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், ப, காகலி நிஷாதம், ச. ரியும் தாவும் கிடையாது. 'ரியூக்கியூ அளவு' என்று அங்கே அழைக்கப்படும் ஸ்வர வரிசை இதுதான். கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் மல்லாரி வாசிக்கும் கம்பீரநாட்டை ராகத்தின் ஆரோகணமும் இதே ஐந்து ஸ்வரங்கள். உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அதற்காக இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. தீவுப் பாட்டில் ரிஷபம் சில இடங்களில் எட்டிப் பார்க்கும். காந்தாரத்தை நாம் பிடித்து அசைக்கிற மாதிரி அவர்கள் அசைப்பதில்லை. குரலை ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வெடுக்கென்று எறிவார்கள். கடையில் ஒலிக்கும் 'தீவுப் பாட்டு' உண்மையிலேயே அந்த மண்ணின் மெட்டுதானா என்று பார்க்க வேண்டுமா? சவிலிருந்து காந்தாரத்துக்குத் தாவுகிறதா, பவிலிருந்து நிக்குத் தாவுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லாமல் சான்ஷின் ஒலி மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் சாதாரண ஜப்பானியப் பாப் பாட்டுக்குப் போட்ட தீவுச் சட்டை.

கே: அடுத்த மாதம் நாஹா போகிறேன். சான்ஷின் வாங்கி வரலாமா? பாம்புத் தோல் என்கிறார்களே? (சென்னை வாசகர்)

ப: தோலைப் பார்த்து வாங்குங்கள். மூன்று வகை உண்டு. முதலாவது அசல் மலைப்பாம்புத் தோல். பர்மிய மலைப்பாம்பு சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் சிக்கல் வரும். இரண்டாவது, அடியில் செயற்கைத் துணியும் மேலே மெல்லிய பாம்புத் தோலும் ஒட்டிய 'பலப்படுத்திய' வகை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பாதி செயற்கை என்றாலும் இதுவும் பாம்புத் தோல்தான், அதே விதிதான். மூன்றாவது, செதில் வடிவம் அச்சிட்ட முழுச் செயற்கைத் தோல். நீங்கள் வாங்க வேண்டியது இது. ரசீதில் தோல் செயற்கை என்று எழுதி வாங்குங்கள். மீட்டும் நகமும் எருமைக் கொம்பில் வேண்டாம், பிளாஸ்டிக்கே போதும்.

அசல் தோலுக்கு வேறு தொல்லையும் உண்டு. ஏசி அறையின் வறட்சியிலும் வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் இறுகி, ஒருநாள் பட்டென்று கிழியும்.

மலிவாக வேண்டுமென்றால் தகர டப்பாவில் செய்யும் 'கன்கரா சான்ஷின்' இருக்கிறது. 1945 போருக்குப் பிறகு முகாம்களில் அடைபட்டிருந்த மக்கள் காலி உணவு டப்பாவில் செய்துகொண்ட வாத்தியம் அது. இன்று நாமே பூட்டிக்கொள்ளும் பொட்டலமாகக் கிடைக்கிறது.

கே: சான்ஷின் வாங்கிவிட்டேன். சுருதி சேர்த்த ஐந்தாவது நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. பழுதா? (கோவை வாசகி)

ப: பெரும்பாலும் வாத்தியத்தில் பழுது இருக்காது, முறுக்கும் முறையில்தான் கோளாறு. தந்தியை முறுக்கும் அதன் பிரடைகளில் பல்சக்கரம் கிடையாது. மரம் மரத்தைக் கவ்வித்தான் நிற்க வேண்டும். வெறுமனே திருப்பினால் நழுவும். முதலில் கால் சுற்று இறக்குங்கள். பிறகு பிரடையைத் துளைக்குள் அழுத்திக்கொண்டே ஏற்றுங்கள், மறு கை தலைப்பகுதியை எதிர்ப்பக்கம் தாங்கட்டும். அப்படியும் வழுக்கினால் பிரடையைக் கழற்றி, துளையில் உரசும் இடத்தில் கரும்பலகைச் சாக்கைத் தேய்த்து மாட்டுங்கள்.

மிகப் பழக்கமான சுருதி 'ஹோன்சோஷி'. தடித்த தந்தி ச, நடுத் தந்தி ம, மெல்லிய தந்தி மேல் ச. அதாவது சி, எஃப், சி. கடைக்காரர் '4' என்றால் சி சுருதி, நம் ஒரு கட்டை. '3' என்றால் அதற்கு அரை ஸ்வரம் கீழே. மெல்லிய தந்தி அறுவது, டியூனரில் 'சி' என்ற எழுத்தை மட்டும் பார்த்து இன்னொரு ஸ்தாயி மேலே ஏற்றுவதால்தான். தடித்த தந்தியைச் சேர்த்துவிட்டு, அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே காதால் கேட்டு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு தந்தியை இறுக்கும்போதும் தோல் கொஞ்சம் அமுங்கி மற்ற இரண்டும் இறங்கும். ஆகவே தடித்தது, நடு, மெல்லியது என்று ஒரு சுற்று முடித்து, மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். புதுத் தந்தி இரண்டு மூன்று நாள் இழுபடத்தான் செய்யும். தோலின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையையும் பாருங்கள்: இறுக்க இறுக்க அது கழுத்துப் பக்கம் சாயும். நிமிர்த்தி வைக்காவிட்டால் தோலின் மேல் மடாரென்று விழும்.

நடுத் தந்தியைப் பஞ்சமத்துக்கு ஏற்றினால் 'நி-ஆகே' என்ற சுருதி: ச, ப, ச.

கே: ஜப்பானிய மொழி ஓரளவு படித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பாட்டுகள் ஒரு சொல்லும் புரியவில்லை. (புதுச்சேரி வாசகர்)

ப: ஒகினாவா மொழி ஜப்பானியத்தின் உறவுதான், ஆனால் தனி மொழி. யுனெஸ்கோவின் அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் இருக்கிறது. ஒரு சின்னச் சாவி தருகிறோம்: ஜப்பானியக் குறில் 'எ' அங்கே 'இ' ஆகும், 'ஒ' 'உ' ஆகும். மனம் என்ற 'கொகொரோ' 'குகுரு' ஆகிவிடும், இரவு என்ற 'யொரு' 'யுரு' ஆகும். உடைமை உருபான 'நொ' 'நு' ஆகும்.

இதை வைத்துக்கொண்டு 'தின்சாகு நு ஹானா' என்ற நாட்டுப் பாடலைக் கேளுங்கள். காசித்தும்பைப் பூ என்று பொருள். நாம் மருதாணி வைப்பதுபோல் அவர்கள் அந்தப் பூவை அரைத்து நகத்தில் பூசுவார்கள். பூவை நகத்தில் ஏற்று, பெற்றோர் சொல்லை மனசில் ஏற்று என்று தொடங்கும் பாட்டு.

கே: அங்கே போய் நேரில் கேட்க என்ன செய்ய வேண்டும்? (மதுரை வாசகர்)

ப: நாஹாவில் சான்ஷின் வாசிக்கும் சாப்பாட்டுக் கடைகள் நிறைய, இசைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று உட்காரும் முன் கேளுங்கள். ராக் அரங்குகளில் டிக்கெட்டுக்கு மேல் ஒரு பானம் வாங்குவது பொதுவாகக் கட்டாயம், வாசலிலேயே காசு கேட்பார்கள். கொசாவுக்கு நாஹாவின் மோனோரயில் போகாது, பேருந்துதான். கடைசிப் பேருந்து நேரத்தைப் போகும்போதே பார்த்துவையுங்கள்.

கடைசிப் பாட்டுக்குக் கூட்டமே எழுந்து ஆடும். அதற்குப் பெயர் 'கச்சாஷி', கலக்குதல் என்று பொருள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி அசைக்க வேண்டும். பெண்கள் உள்ளங்கையை விரித்து, ஆண்கள் விரல்களை மடக்கி. பக்கத்து மேசைப் பாட்டி உங்களை இழுத்துவிட்டால் மறுக்காதீர்கள்.