ஆர்டர் எங்கன்னு கேட்டா – கடிதம்

வணக்கம் சார்,
ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கிற டாஸ்மேனியா தீவுல பிரிட்டிஷ்காரங்க குடியேறினப்ப அங்க இருந்த பழங்குடிகளுக்கு நடந்ததை இனப்படுகொலைன்னு எழுதியிருந்தீங்க. நான் படிச்ச வரைக்கும் நிறைய பேர் நோய்ல செத்தாங்க, மத்தபடி குடியேறினவங்க அங்கங்க சுட்டது. கொல்லுங்கன்னு பிரிட்டிஷ் அரசு ஆர்டர் போடலையே? கோபத்துல விழுந்த வார்த்தையா?
– ஒரு வாசகர்

தம்பி,

கோபம் இருக்கு, இல்லங்கல. ஆனா யோசிச்சுதான் எழுதுனேன். 1948 ஐ.நா. இனப்படுகொலை ஒப்பந்தப்படி அழிக்கிற நோக்கம் இருந்துச்சுன்னு காட்டணும், அதனாலயே சில நல்ல வரலாற்றாய்வாளர்களும் டாஸ்மேனியா விஷயத்துல தயங்குறாங்க. என் சந்தேகம் என்னன்னா, அடுத்தவன் மண்ணுல குடியேற வந்தவன்கிட்ட கொலை ஆர்டரை ஏன் தேடுறோம், பட்டாவைப் பாத்தா போதாதா? 1820கள்ல பழங்குடிகள் கங்காரு வேட்டையாடுன புல்வெளியெல்லாம் குடியேறினவங்களுக்கு ஆடு மேய்க்க எழுதிக்குடுத்துட்டே இருந்தாங்க, எதிர்த்தவங்கள சுட்டாங்க, 1828ல ராணுவச் சட்டம், 1830ல பழங்குடிகளை உயிரோட பிடிச்சுக் குடுத்தா பெரியவங்களுக்கு 5 பவுண்டு, குழந்தைக்கு 2 பவுண்டு, அதே வருஷம் அவங்களைப் பிடிக்க சிப்பாய்கள், குடியேறினவங்கன்னு 2000 பேருக்கு மேல வரிசையா நிக்கவச்சு காட்டைச் சலிச்சாங்க (சிக்குனது ரெண்டே பேர், அது தனி கூத்து).

லண்டனுக்குத் தெரியாதான்னா, நல்லா தெரியும். காலனி மந்திரி ஜார்ஜ் மர்ரே 1830 நவம்பர்ல டாஸ்மேனியா கவர்னர் ஆர்தருக்கு எழுதுறார்: இந்த இனமே சீக்கிரம் இல்லாம போயிடலாம், அதையே வெளிப்படையாவோ ரகசியமாவோ நோக்கமா வச்சு நடந்தா பிரிட்டிஷ் அரசு மேல அழியாத கறை விழும்னு. பயமெல்லாம் கறை பத்திதான், அப்ப பிடுங்குன நிலத்துல ஒரு துண்டைக்கூட திருப்பிக் குடுக்கல.

நோய்க்கு வரேன். மிஞ்சுனவங்கள்ல சுமார் 200 பேரை பக்கத்துல இருக்கிற ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் வச்சாங்க, 1847ல திரும்புனது 47 பேர். நோய்தான் கொன்னுச்சு, சரி, அங்க கொண்டுபோய் அடைச்சது யாரு? உயிர்வாழ முடியாத நிலைமைய வேணும்னே உண்டாக்குறதும் அந்த ஒப்பந்தத்துலயே இருக்கு தம்பி. 1944ல இனப்படுகொலைங்கிறதுக்கு 'ஜெனோசைட்'ங்கிற வார்த்தையை உருவாக்குன சட்ட அறிஞர் லெம்கினே டாஸ்மேனியா பத்தி தனியா எழுதி வச்சிருந்தார், அச்சுல வராமலே அவர் போயிட்டார்.

இன்னொண்ணு, 'முழுசா அழிஞ்ச இனம்'னு நானே முன்னாடி ஒரு தடவை எழுதியிருக்கேன், அது தப்பு. 1876ல செத்த ட்ருகானினிங்கிற பழங்குடிப் பெண்ணைக் கடைசி ஆள்னு சொல்லிட்டா அப்புறம் நிலம் கேட்க ஆளே இல்லன்னு ஆயிடுது பாருங்க. என் உடம்பை விட்டுடுங்கன்னு அந்தம்மா கெஞ்சியும் தோண்டி எடுத்து, எலும்புக்கூட்டை 1947 வரைக்கும் மியூசியத்துல காட்சிக்கு வச்சிருந்தாங்க. 1976ல அஸ்தியை வாங்கி கடல்ல கரைச்சது, இல்லவே இல்லன்னு சொல்லப்பட்ட அவங்க சனங்கதான்.