கால் அரிப்பு: அறைக் காற்றுக்கு முன் குளியலறையைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டில் இரவும் பகலும் ஹீட்டர் ஓடுகிறது. முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, தூங்கவிடாமல் அரிக்கிறது. காலையில் மூக்குக்குள் பொருக்குக் கட்டியிருக்கிறது. இரண்டு முறை இரத்தமும் வந்தது. அறைக் காற்று வறண்டுவிட்டதென்று காற்றை ஈரமாக்கும் கருவி வாங்கி இரவெல்லாம் ஓடவிடுகிறேன். விடிந்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, அரிப்பு குறையவில்லை. தினமும் 3 லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். நல்ல சூடான வெந்நீரில் அரை மணி நேரம் குளித்தால்தான் கொஞ்சம் அடங்குகிறது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: எனக்கு வேண்டிய தகவலைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: அரை மணி நேர வெந்நீர்க் குளியல். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சூடான நீர் பட்டால் அரிப்பு சிறிது நேரம் அமுங்கும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரத்தை நாம் எதில் கழுவுகிறோம்? வெந்நீரும் சோப்பும் உங்கள் காலிலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய கொழுப்புதான் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. அதைக் கழுவி விட்டுவிட்டால் ஈரம் வெளியேறும். இரவில் மறுபடி அரிக்கும். மறுபடி வெந்நீரைத் தேடுவீர்கள். முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பாகவே குறைவு. வயது ஏற ஏற அவையும் சோம்பிவிடும். முகம் நன்றாக இருக்க, கால் மட்டும் வெளுப்பது இதனால்தான்.

குளியலை 10 நிமிடத்துக்குள் முடியுங்கள். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வாசனையில்லாத மென்மையான சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். அழுக்கே படாத காலுக்குத் தினமும் நுரை எதற்கு? துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் களிம்பைப் பூசிவிட வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான்.

எதைப் பூசுவது? லோஷனில் தண்ணீர் அதிகம். பூசும்போது இதமாக இருக்கும், வறண்ட காலுக்குப் போதாது. கெட்டியான க்ரீம் மேல்; சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லி அதனினும் மேல். பிசுபிசுப்பு பிடிக்காவிட்டால் பகலில் க்ரீம், இரவில் ஜெல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாகத் தடவுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் பரு கிளம்பும். யூரியா கலந்த க்ரீம் நல்லதுதான், ஆனால் வெடிப்பிலோ சொறிந்த புண்ணிலோ பட்டால் சுரீரென்று எரியும். ஒரு எச்சரிக்கை: இந்தக் களிம்புகள் ஊறிய துணி சுலபமாகத் தீப்பிடிக்கும். ஹீட்டரை ஒட்டி உட்காராதீர்கள்.

இனி உங்கள் கருவிக்கு வருகிறேன். ஹீட்டர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 0 டிகிரி செல்சியஸ் குளிர்க்காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 17 கிராம் வரை தாங்கும். கையில் இருப்பதோ அதே 5 கிராம். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 24 டிகிரிக்கு ஏற்றினால் இன்னும் இறங்கும். ஆகவே ஹீட்டரின் அளவை இரண்டு டிகிரி குறைத்துக் கூடுதலாக ஒரு சட்டை போட்டுக்கொள்வது, செலவில்லாத முதல் மருந்து. கம்பளி உடை நேரடியாகத் தோலில் படாமல் உள்ளே பருத்தி இருக்கட்டும்.

கருவியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்றைப் படுக்கையறையில் வையுங்கள். 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 60-ஐத் தாண்டினால் பூஞ்சையும் தூசிப்பூச்சியும் பெருகும். கண்ணாடியில் தண்ணீர் வழிவது, அளவைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அறிகுறி. நீங்கள் எழுதாத விஷயம் ஒன்று: அந்தத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? தினமும் பழைய நீரைக் கொட்டிக் காயவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும்; மூன்று நாளுக்கொருமுறை வழுவழுப்பு போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அதில் வளரும் கிருமியைத்தான் இரவெல்லாம் சுவாசிப்பீர்கள்.

தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். தேவைக்கு மேல் குடிக்கும் லிட்டர்கள் காலின் மேல்தோலுக்குப் போய்ச் சேர்வதில்லை. இரவில் எழுப்பிவிடுவதுதான் மிச்சம்.

மூக்குக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். பொருக்கை நகத்தால் எடுக்காதீர்கள். இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காமல் முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. அரை மணி ஆகியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதுவரை காத்திருக்கவே வேண்டாம்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் அரிப்பு அடங்காவிட்டால், அல்லது தோல் வறண்ட ஏரிபோல் பாளம் பாளமாக வெடித்துச் சிவந்தால், நேரில் காட்டுங்கள். சில நாட்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படலாம். அதை நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம். வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிக்கிறதென்றால் அது சிரங்காக இருக்கலாம், வறட்சி அல்ல. தடிப்பே இல்லாமல் உடல் முழுதும் அரித்தால் தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். சிறுநீர் பிரிவதற்கான மாத்திரைகளும் கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும்கூடத் தோலை வறட்டும். வரும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், குளிக்கும் சோப்பின் உறையையும் எடுத்து வாருங்கள். அதற்குள் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.