இரண்டு செருப்பையும் கழற்றியவர்

அன்புள்ள சார்,

ஆறு வருடமாக எழுதிய நாவல் முடிந்து கையில் இருக்கிறது. முந்நூறு பக்கம். ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பி எட்டு மாதமாகிறது, பதிலே இல்லை. இன்னொரு இடத்தில் "போடலாம், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதற்கு நானே போட்டுவிடலாமே என்று தோன்றுகிறது. "சொந்தமாகப் போட்ட புத்தகத்தை எவன் மதிப்பான்?" என்கிறார் நண்பர். உங்கள் முதல் புத்தகத்தை நீங்களே வெளியிட்டதாக ஒரு பேட்டியில் சொல்லியிருந்தீர்கள். நானும் செய்யலாமா? எத்தனை பிரதி அடிப்பது?

எஸ்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள எஸ்.,

மதிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வால்ட் விட்மன் 1855இல் தன் முதல் கவிதைத் தொகுப்பைத் தானே வெளியிட்டார். சில பக்கங்களுக்கு எழுத்துக் கோத்ததும் அவர்தான். அதைப் புகழ்ந்து பெயர் போடாமல் விமர்சனம் எழுதியதும் அவரேதான் (இதை மட்டும் பின்பற்ற வேண்டாம்). பியாட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதையைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதி போட்டார். திருப்பி அனுப்பியவர்களில் ஒருவரே அடுத்த வருடம் அதை வெளியிட்டார்கள். அட்டையில் பதிப்பகப் பெயர் என்ன என்று உற்றுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சக எழுத்தாளர்கள்தான். அவர்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை.

செலவை உங்களிடம் கேட்டவர்கள் செய்யப்போவது அச்சு வேலை. அதற்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. காசையும் கொடுத்து உரிமையையும் கொடுத்துவிட்டு வருவதுதான் தப்பு. உரிமை யாருக்கு, பக்கம் வடிவமைத்த கோப்பு யார் கையில், விற்காத பிரதி யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு மழுப்பலாகப் போனால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, நீங்களே போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம், விற்பனை, விளம்பரம் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அதெல்லாம் கஷ்டம்தான். ஆனால் எனக்கு வினையாக வந்தது வேறு.

என் முதல் நாவலின் நான்காம் அத்தியாயத்தில் பெரியவர் ஒருவருக்கு விபத்தில் இடது கால் போய்விடும். பதினோராம் அத்தியாயத்தில் அவர் மகள் வீட்டு வாசலில் 'இரண்டு செருப்பையும் கழற்றி' வைத்துவிட்டு உள்ளே போவார். கையெழுத்துப் பிரதியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. மெய்ப்பும் நானே பார்த்தேன். ஒற்றுப்பிழை தேடித் தேடிக் களைந்த கண்ணுக்கு அந்தக் கால் தெரியவில்லை. 500 பிரதி அடித்து, 160 போன பிறகு ஒரு வாசகர் தபாலட்டை போட்டார்: "பெரியவருக்குக் கால் முளைத்த அதிசயம் பற்றித் தனி அத்தியாயம் உண்டா?"

மீதி 340 பிரதியிலும் பேனாவால் 'இரண்டு' என்பதையும் 'யும்' என்பதையும் அடித்தேன். அடித்த பிறகுதான் தெரிந்தது, 'செருப்பைக் கழற்றி' என்று வர வேண்டும், 'க்' போட அங்கே இடமில்லை.

பதிப்பகம் என்றால் சம்பளத்துக்கு ஒருவர் உட்கார்ந்து "இது சரியில்லை" என்று சொல்வார். தானே வெளியிடுகிறவருக்கு அந்த ஆள் கிடையாது. எழுதுகிறவரும் நாமே, ஒப்புதல் தருகிறவரும் நாமே என்றால் ஒப்புதல் உடனே கிடைத்துவிடும். அதுதான் ஆபத்து. கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கை எடிட்டருக்கு ஒதுக்குங்கள். அட்டை, வெளியீட்டு விழா எல்லாம் அப்புறம். விழாவே இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

மற்றவை சில்லறை. அச்சுப் பிரதிக்கும் மின்னூலுக்கும் ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) தனித்தனி. விற்பனைத் தளம் இலவசமாகத் தரும் எண்ணை வாங்கினால் பதிப்பாளர் இடத்தில் உங்கள் பெயர் இருக்காது. பக்க எண்ணிக்கை முடிவாகாமல் அட்டையை முடிக்காதீர்கள். புத்தக முதுகின் அகலம் அதை வைத்துத்தான். அமேசான் 2007இல் கிண்டில் என்ற மின்னூல் சேவையைத் தொடங்கியபோதே எழுத்தாளர்கள் நேரடியாக வெளியிடும் வழியையும் திறந்தது. அதில் ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு, விலை முதலியவற்றைப் பொறுத்து 35 அல்லது 70 சதவீதம். காகிதப் புத்தகத்தில் பதிப்பகங்கள் பொதுவாக அவ்வளவு தருவதில்லை. ஆனால் அங்கே கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால், 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது. படிக்காமல் டிக் அடித்துவிடாதீர்கள்.

இத்தனைக்கும் என்ன பலன் என்றால், அந்தத் தபாலட்டைதான். அது பதிப்பகத்துக்குப் போயிருந்தால் ஏதோ ஒரு கோப்பில் தூங்கியிருக்கும். என் வீட்டு முகவரிக்கே வந்ததால் அன்றே பதில் எழுதினேன். அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாவற்றையும் அச்சுக்கு முன் படித்தவர் அவர்தான். ஒரு நாவலை முழுதாகத் தூக்கிப் போட வைத்தார். இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. இன்னொன்று, அந்த முதல் நாவலின் உரிமை இன்றும் என்னிடம் இருக்கிறது. மின்னூலாகப் போட்டபோது பெரியவரின் செருப்பை யாரிடமும் அனுமதி கேட்காமல் சரிசெய்தேன், 'க்' உட்பட.

எத்தனை பிரதி என்று கேட்டீர்கள். 500 அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். உண்மைதான். விற்காத பிரதியின் அடக்கவிலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நூறு போதும். தீர்ந்தால் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பத்துப் பத்தாகக்கூடப் போட்டுக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்களைத் தெரியாத மூன்று பேரிடம் முதல் ஐம்பது பக்கத்தைக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள்.