ஒரு ஜாதிக்காய்க்காக ஒரு தீவையே காலி பண்ணாங்கனு சொல்றது நிஜமா?

நிஜம்தாங்க. இந்தோனேசியாவுல பண்டானு சின்னச் சின்ன தீவுகள் இருக்கு, அந்தக் காலத்துல உலகத்துக்கே ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அங்க இருந்துதான் போச்சு, வேற எங்கயும் விளையல. ஐரோப்பாவுல அதுக்குப் பேய் விலை. 1512ல போர்ச்சுகீஸ்காரன் வந்தான், பின்னாடியே டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன்.

அந்த ஊர்க்காரங்க ஜாவாக்காரன், அரபு வியாபாரினு யாருக்கு வேணா வித்துப் பழகினவங்க. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி "எனக்கு மட்டும்தான் விக்கணும்"னு நின்னுது, இவங்க ஒத்துக்கல. 1621ல கூன்ங்கிற கவர்னர் ஜெனரல் படையோட வந்து எறங்கி, ஊர்த் தலைவர்கள் 44 பேரை ஜப்பான் கூலிப்படைய வச்சு வெட்டினான். தீவுல சுமாரா 15,000 பேர் இருந்ததா சொல்வாங்க, மிஞ்சினது ஆயிரம் சொச்சம், மத்தவங்க செத்தாங்க, பட்டினி கிடந்தாங்க, ஓடிப்போனாங்க, கப்பல்ல அடிமையா போனாங்க. அப்புறம் தோட்ட வேலைக்கு வெளியூர்ல இருந்து அடிமைகளக் கொண்டு வந்தான்.

இதுல செம காமெடி என்னன்னா, அங்க "ரன்"னு ஒரு குட்டித் தீவு இங்கிலீஷ்காரன் உரிமை கொண்டாடினது. 1667 பிரேடா ஒப்பந்தத்துல அது டச்சுக்குப் போச்சு, டச்சுக்காரன்கிட்ட இருந்து ஏற்கனவே பிடிச்சிருந்த மன்ஹாட்டன் (இன்னைக்கு நியூயார்க்ல இருக்கிற அதே தீவு) இங்கிலீஷ்காரன்கிட்டயே தங்கிருச்சு. பின்னாடி பிரிட்டிஷ்காரன் பண்டாவப் பிடிச்சு வச்சிருந்தப்போ கன்றுகளப் பினாங்குக்குத் தூக்கிட்டுப் போய் நட்டான், டச்சுக்காரன் தனி உரிமை அதோட போச்சு. இன்னைக்குக் கரீபியன் பக்கம் கிரெனடா நாட்டுக் கொடியிலயே ஜாதிக்காய் இருக்கு, பாருங்க.