மலையகத்தில் ஓடும் சிறிய பயண டிரெய்லருக்கு எந்த பெட்டரி, எத்தனை வாட் சோலர் பெனல்?

கேள்வி இதுதான்: வானின் பின்னால் கட்டி இழுக்கும் சிறிய டிரெய்லர் ஒன்றில் குடும்பத்தோடு மலையகத்தைச் சுற்ற வேண்டும். உள்ளே நான்கு எல்.இ.டி. விளக்குகள், 40 லீற்றர் குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்ப் பம்பு, கைப்பேசிகள், ஒரு மடிக்கணினி. அம்மாவின் இன்சுலினும் அந்தக் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கும். 100 வாட் பெனலும் 100 அம்பியர் மணி ஈய பெட்டரியும் வாங்கினால் போதும் என்று கொழும்பில் ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். போதுமா?

போதாது. இரண்டாவது பெட்டரியைச் சேர்த்தாலும் போதாது. நான் கொட்டகலையில் வாகன மின்வேலை செய்கிறவன். மலைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் பெட்டரி பெரிதாகவும் பெனல் சிறிதாகவும் இருப்பதைப் பார்க்கிறேன். இங்கே அது தலைகீழாக இருக்க வேண்டும். பெட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்குமே தவிர, உண்டாக்காது. மூடுபனி நாளில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ளப் பெரிய பெனல் வேண்டும்.

உங்கள் பாவனையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 45 வாட் எடுக்கும் என்று வைப்போம். நம் குளிரில் அது நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே ஓடும். ஆக, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 325 வாட் மணி (வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). 5 வாட் விளக்குகள் நான்கு, நான்கு மணி நேரம் எரிந்தால் 80. கைப்பேசிகளுக்கும் மடிக்கணினிக்கும் 100. பம்பு ஒரு நாளில் மொத்தம் கால் மணி நேரம் ஓடினால் 12 தான். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 520 வாட் மணி அளவில் வரும்.

இனி வரவு. வயரிலும், பெனலுக்கும் பெட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலும் போகும் இழப்பைக் கழித்தால் பெனலின் வாட்டில் முக்கால் பங்குதான் கைக்கு வரும். நல்ல நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில், கனத்த மூடுபனி நாளுக்கு ஒரு மணி நேர முழு வெயில் என்றுதான் நான் கணக்கெடுப்பேன். 100 வாட் பெனல் நல்ல நாளில் 300 வாட் மணி தரும். அதாவது வெயில் அடித்தாலும் உங்கள் செலவுக்கு ஈடாகாது. மூடுபனி நாளில் 75 தான். ஈய பெட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 12 வோல்ட், 100 அம்பியர் மணி பெட்டரியின் 1,200 வாட் மணியில் பயன்படுத்தக்கூடியது 600 தான். இரண்டாம் நாளே அது தீர்ந்துபோகும். அரைகுறையாகவே கிடக்கும் ஈய பெட்டரியின் தகடுகளில் சல்பேட் படியும்; ஒரு மழைக்காலத்திலேயே அது பாதிச் சக்தியை இழந்துவிடக்கூடும்.

இதே கணக்கை 550 வாட் பெனலுக்குப் போடுங்கள். மூடுபனி நாளிலும் 410 வாட் மணிக்குக் குறையாது. பற்றாக்குறை 110 மட்டுமே. 100 அம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி ஒன்றில் தாராளமாக 1,000 வாட் மணி எடுக்கலாம். அந்தப் பற்றாக்குறையை அது ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். நடுவில் ஒரு நாள் வெயில் வந்தால் 1,650 கிடைத்து எல்லாம் நிரம்பிவிடும்.

550 வாட் என்றதும் பயப்பட வேண்டாம். 2016 இல் வீட்டுக் கூரைச் சோலருக்கான அரசின் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கிய பிறகு வீட்டுக் கூரைகளுக்கான பெரிய பெனல்கள் நாட்டில் பரவலாகக் கிடைக்கின்றன. வாட் கணக்கில் பார்த்தால், பயண வண்டிக்கென்று விற்கும் சிறிய பெனல்களைவிட அவை பெரும்பாலும் மலிவு. நீளம் ஏறத்தாழ 2.3 மீற்றர், அகலம் 1.1 மீற்றர், எடை 28 கிலோவுக்குக் கிட்ட. உங்கள் கூரை அதைத் தாங்காவிட்டால் 200 வாட் பெனல்கள் இரண்டைப் போடுங்கள். அப்போது மூடுபனி நாளில் 300 வாட் மணி வரும், பெட்டரி நான்கு நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். இரண்டையும் பக்க இணைப்பில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கொடுங்கள். ஒன்றின் மேல் யூக்கலிப்டஸ் மர நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும். ஒட்டும் வகை வளையும் பெனல்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. அடியில் காற்றோட்டம் இல்லாமல் சூடேறிச் சீக்கிரம் கெட்டுப்போகின்றன.

வீட்டுப் பெனல் 40 வோல்ட்டுக்கு மேல் தரும். அதை 12 வோல்ட் பெட்டரிக்குக் கொடுக்க, கூடுதல் வோல்ட்டை அம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கட்டாயம். அப்படி மாற்றாத மலிவான பி.டபிள்யூ.எம். வகை பாதிக்கு மேல் வீணாக்கிவிடும். 100 வோல்ட் வரை தாங்கும் 40 அல்லது 50 அம்பியர் கன்ட்ரோலர் சரியாக இருக்கும். குளிரில் பெனலின் வோல்ட் கூடும் என்பதால் இந்த இடைவெளி தேவை. அதே குளிர் நமக்கு ஒரு நன்மையும் செய்கிறது. ஒரு பாகை வெப்பம் குறையும்போது பெனலின் திறன் ஏறக்குறைய 0.35 சதவீதம் கூடும். மழை விட்டு நுவரெலியாவில் வெயில் பளிச்சென்று அடிக்கும்போது உங்கள் பெனல் தரும் மின்சாரத்தை அம்பாந்தோட்டைச் சூட்டில் எதிர்பார்க்க முடியாது.

வெளிநாட்டு அறிவுரைகளில் பெனலை 40 பாகை சாய்க்கச் சொல்லியிருப்பார்கள். நாம் இருப்பது 7 பாகை வடக்கில். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். கூரையோடு கிடையாக வைத்தாலே போதும். மழைநீர் வழிய மட்டும் சிறிது சாய்வு கொடுங்கள். சாய்வைவிட நிறுத்தும் இடமே முக்கியம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையில் காலை வெயிலும் பிற்பகல் இடிமழையும்தான் வழக்கம். அந்த மாதங்களில் உங்கள் வருமானமெல்லாம் காலையில்தான். கிழக்கே குன்று மறைக்காத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பள்ளத்தாக்குக்குள் நிறுத்தினால் ஒன்பது மணி வரை நிழலில்தான் இருப்பீர்கள்.

மலையகத்துக்கு இரண்டு மழைக்காலங்கள். இதைப் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைக்கிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை. கினிகத்தேனை, நோர்ட்டன் பக்கமும் கடும் மழைதான். லக்சபான மின்நிலையத்தைச் சுழற்றுகிற மழை அது, பெனலுக்கோ பட்டினி. அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடை, பண்டாரவளை, பதுளை எல்லாம் காய்ந்து கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் இது மாறும்: வடகீழ் பருவமழை ஊவாவில் கொட்டும்போது ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் வானம் தெளிந்திருக்கும். சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறும் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் அப்புத்தளை மலைமுகட்டைத் தாண்டிப் பண்டாரவளைப் பக்கம் இறங்கினால், கூரையில் இருக்கும் அதே பெனல் மேலும் பல மடங்கு தரும்.

ஆனாலும் பெனலை மட்டும் நம்ப வேண்டாம் என்றே சொல்வேன், இன்சுலின் இருப்பதால். வானின் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து, பெட்டரிக்குப் போகும் அம்பியரை அளவோடு வைக்கும் டி.சி. – டி.சி. சார்ஜர் வழியாக ஓர் இணைப்புக் கொடுங்கள். 25 அம்பியர் சார்ஜர் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 600 வாட் மணிக்கு மேல் ஏற்றும்; அது உங்கள் ஒரு நாள் செலவு. சார்ஜர் இல்லாமல் லித்தியம் பெட்டரியை நேராக இணைப்பது ஆபத்து. இறம்பொடை ஏற்றத்தில் முதல் கியரில் ஊரும்போது ஆல்டர்னேட்டருக்குக் காற்று கிடைக்காது. லித்தியம் அளவின்றி இழுக்க, அது கருகிவிடும். டிரெய்லர் விளக்கு வயரிலேயே இதையும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் 6 மீற்றர் போய் வருவதற்குள் 25 அம்பியரில் 2 வோல்ட் தொலைந்துவிடும். 16 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்தான். இரு முனையிலும் ஃபியூஸ் போடுங்கள்.

லித்தியத்தைச் சொல்வதற்கு எடையும் காரணம். 100 அம்பியர் மணி ஈய பெட்டரி 30 கிலோவுக்குக் கிட்ட இருக்கும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் 11 முதல் 13 கிலோ. கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். எதுவானாலும் அச்சுக்கு மேலே வையுங்கள். வாலில் வைத்தால் டிரெய்லர் ஆடும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுகிற அதிகாலைகள் உண்டு. பெட்டரியை டிரெய்லருக்குள் வைத்து, குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதாக வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

பழைய நிசான் லீஃப் காரின் பெட்டரித் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன, போடலாமா என்றும் பலர் கேட்பார்கள். வேண்டாம். ஒரு துண்டு முழுச் சார்ஜில் 8 வோல்ட்டைத் தாண்டும். இரண்டைத் தொடுத்தால் 16 வோல்ட்டுக்கு மேல் போய் 12 வோல்ட் பம்பையும் விளக்கையும் கெடுக்கும். அவற்றின் வேதியியலும் வேறு, சூடேறினால் தீப்பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். குழந்தைகள் தூங்கும் டிரெய்லருக்குள் அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கேத்தலையும் சோற்றுக் குக்கரையும் மறந்துவிடுங்கள். 1,500 வாட் கேத்தல் ஒன்று இன்வேர்ட்டர் வழியாக பெட்டரியிலிருந்து 130 அம்பியர் வரை இழுக்கும். 2.3 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றே போதும். அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கடைசியாக, குளிர்சாதனப் பெட்டிக்குத் தனி இணைப்புக் கொடுங்கள். பெட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கும்போது மற்ற எல்லாம் தானாக நின்று, அது மட்டும் ஓட வேண்டும். உள்ளே ஒரு சிறிய வெப்பமானி வையுங்கள்: 2 முதல் 8 பாகை. இன்சுலின் உறைந்தாலும் கெட்டுவிடும். அதனால் குளிர்த்தட்டை ஒட்டி வைக்காதீர்கள். இப்போது பாவனையில் உள்ள, திறந்த இன்சுலினை வெளியே எத்தனை நாள் வைக்கலாம் என்பதை அம்மாவின் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல வகைகள் நம் மலைக் குளிரில் வெளியே சில வாரங்கள் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி ஓர் இரவு நின்றாலும் நீங்கள் பதற வேண்டியிருக்காது.